பழவேற்காட்டு எதிராஜன்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்களில் அநேகர் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைக் கண்டுவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். வாயிலில் கல்லிலே செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்க, உள்ளே குலச் சின்னங்களும் மலர்க் கொடிகளும் பொறித்த நீண்ட பலகைக் கற்கள், இன்னார் இன்ன வருஷத்தில் இறந்தார் என்ற செய்தியை முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் எழுத்துச் சிதையாமல் சொல்லிக்கொண்டு கிடக்கின்றன. தொல்பொருள் இலாகா அவற்றைப் பாதுகாத்து வருவது சரியே. ஆனால், அந்த ஒல்லாந்தரின் கோட்டையை எதிர்த்துப் படை நடத்திய எதிராஜன் என்னும் இந்நாட்டுத் தலைவனின் பெயரைத் தாங்கிய ஒரு கல்லையேனும் நான் அவ்வூரில் கண்டதில்லை.

விஜயநகரப் பேரரசர் வேங்கடபதி ராயருக்குப் பெண் கொடுத்த கொப்பூரி வம்சத்தவன் அவன், ஜக்கராயனின் உடன்பிறந்தான். ராயரிடம் 1610இல் அனுமதி பெற்று வாணிபம் தொடங்கிய ஒல்லாந்தரின் பண்டகசாலையை, சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612இல் அழித்துவிட, மறு ஆண்டிலேயே வெம்மர் வான் பெர்கெம் என்பவன் தன் தாயகமான கெல்டர்லாந்தின் பெயரால் கெல்ட்ரியா என்ற கோட்டையை ஏரிக்கரையில் எழுப்பி முடித்தான். சுவர் எழும்பிய சிறிது காலத்துக்குள்ளாகவே எதிராஜன் அதைத் தாக்கினான், வீழ்த்த இயலவில்லை. இவனை நாம் பெரும்பாலும் அந்நியர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

எனினும் அவனைக் குற்றமற்ற வீரனாக நான் முன்னிறுத்த மாட்டேன். 1614இல் வேங்கடபதி ராயர் காலமானதும், அவர் தேர்ந்தெடுத்த ஸ்ரீரங்கனை அகற்றிவிட்டுத் தங்களுக்கு வேண்டிய பாலகனைச் சிம்மாசனத்தில் ஏற்ற முனைந்தது ஜக்கராயனின் கட்சியே. ஸ்ரீரங்கனும் அவன் குடும்பமும் கொலையுண்டு, அவன் மகனான ராமதேவன் என்ற ஒரு சிறுவன் மட்டும் சலவைத் துணிகளோடு ஒளித்து வெளியே கொண்டுவரப்பட்டுத் தப்பினான் என்பது சரித்திரத்தின் மிகக் கொடிய பக்கங்களில் ஒன்று. கல்லணைக்கு அருகே, ராமதேவனின் தரப்பினரோடு நடந்த தோப்பூர்ப் போரில் ஜக்கராயன் மாண்டான். அதன் பின்னும் விடாமல் போராடிய எதிராஜன், முடிவில் அதே ராமதேவனுக்குத் தன் மகளை மணம் செய்துகொடுத்துச் சமாதானம் கண்டான். அண்ணனைப் பலிகொண்ட பகையைச் சம்பந்தத்தால் தீர்த்துக்கொண்ட அந்த மனிதனின் உள்ளத்தில் அன்று என்ன ஓடியிருக்கும் என்று எண்ணும்போது, அவன் வெறும் பெயராக இல்லாமல் ரத்தமும் சதையுமாக நம் முன் வந்து நிற்கிறான்.

தலைவர்கள் தமக்குள் இவ்வாறு வெட்டி மடிந்துகொண்டிருந்த வருஷங்களில்தான் கெல்ட்ரியா வேரூன்றிச் சோழமண்டலக் கரை முழுவதற்கும் ஒல்லாந்தரின் தலைமை ஸ்தானமாயிற்று. துணி ஏற்றிய கப்பல்களில், போராலும் பஞ்சத்தாலும் நிர்க்கதியான ஏழை ஜனங்களும் அடிமைகளாக விலைபோய், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் கல்லறை இல்லை. நாட்டைக் காக்க வேண்டியவர்களின் பூசலுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே என்பதால், எதிராஜனின் கதையை அவர்கள் கதையிலிருந்து பிரித்துச் சொல்வது நியாயமாகாது.

இன்று அந்தக் கோட்டை முட்புதர் மண்டிய மேடு. அதற்குச் சற்றுத் தூரத்தில், இடுப்பளவு நீரில் குனிந்தபடி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை நான் கண்டிருக்கிறேன். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்களோ, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலையிடுவது என்பதைப் பாடு முறையால் தமக்குள் வகுத்துக்கொண்டு, ஒரே ஏரியைப் பகிர்ந்து பிழைத்து வருகிறார்கள். ராயர்களாலும் நாயக்கர்களாலும் இயலாத காரியத்தை இக்குப்பங்கள் செய்துகாட்டியிருக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்து வரும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: அருகிலேயே இருக்கும் அந்த மேட்டுக்கும் அவர்களை அழைத்துச் சென்று, எதிராஜனின் பெயரையும், கப்பலேறிப் போனவர்களின் கதியையும் எடுத்துச் சொல்லுங்கள். அரசாங்கமும் அங்கே தமிழில் ஒரு கல்வெட்டு நாட்டட்டும்.