"ஒரு தடவைக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் போதுமா?



கண்ணில் புரை விழுந்த பெரியவர்களிடம் ஆப்பரேஷன் செய்துகொள்ளச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, காசு எவ்வளவு ஆகும் என்பது. இரண்டாவது கேள்வி கொஞ்சம் தயங்கித்தான் வரும். "மத்தவங்க கண்ணுல வெச்ச கத்தியையே நம்ம கண்ணுலயும் வெப்பாங்களாமே, நிசமாங்க?"

இப்படிக் கேட்பவரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். படிப்பறிவில்லாத பயம் என்று தள்ளவும் வேண்டாம். பெரிய பெரிய டாக்டர்கள் உலகக் கூட்டங்களில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் விஷயமே இதுதான். கண் ஆப்பரேஷன் சாமான்களை ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடுவதா, கழுவிக் கிருமி நீக்கித் திரும்பப் பயன்படுத்துவதா?

நம்மில் வயதானவர்களுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி ஞாபகம் இருக்கும். டிரெஸ்ஸர் ஐயா கண்ணாடி ஊசிக்குழாயையும் இரும்பு ஊசியையும் சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பார். பத்துப் பேருக்கும் அதே ஊசிதான். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி. பல கிருமிகள் அதில் செத்துப் போகும். ஆனால் சில கிருமிகள் விதை மாதிரி ஒரு கூட்டுக்குள் சுருண்டு கிடந்து, ஆறிய பிறகு முளைத்துக்கொள்ளும். அதனால்தான் ஆட்டோகிளேவ் என்ற பாத்திரம் வந்தது. வீட்டுக் குக்கரின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தில் நீராவி 121 டிகிரிக்கோ 134 டிகிரிக்கோ ஏறும். அந்தச் சூட்டில் விதையும் மிஞ்சாது.

அப்படியானால் எல்லாவற்றையும் அதில் போட்டு எடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. இடுக்கி, கத்தரிக்கோல் போன்ற சாமான்களைத் தேய்த்துக் கழுவலாம், கண்ணால் பார்க்கலாம். ஆனால் கண்ணுக்குள் நீர் செலுத்தும் மெல்லிய குழாய் ஊசி இருக்கிறதே, அதன் துவாரம் மயிரிழை. ஆப்பரேஷனில் கண்ணைத் தாங்குவதற்கு ஒரு கொழகொழப்பான மருந்து ஊற்றுவார்கள். அது அந்தத் துவாரத்துக்குள் காய்ந்து ஒட்டிக்கொண்டால், உள்ளே அழுக்கு இருக்கிறதா என்று யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. அழுக்கு இருக்கிற இடத்தில் நீராவி சரியாக வேலை செய்யாது. கிருமியே செத்தாலும், தங்கிப்போன மிச்சமும் சோப்பும் கண்ணுக்குள் போய் எரிச்சலும் வீக்கமும் கொடுக்கும். வெட்டும் கத்தியோ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மழுங்கும். மழுங்கிய பால்வெட்டுக் கத்தி பட்டையை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சில சாமான்களை ஒரு தடவையோடு நிறுத்துவது நியாயம். ஊசி, மருந்துக் குழல், மெல்லிய குழாய் இவற்றில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் "ஒரு தடவைக்கு மட்டும்" என்று அட்டையில் அச்சடித்துவிட்டால் கண் தப்பித்துவிடும் என்று நம்புகிறோமே, அங்கேதான் எனக்குச் சம்மதமில்லை.

1986-ல் வட இந்தியாவில், உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் ஒரு இலவசக் கண் முகாம் நடந்தது. புரை ஆப்பரேஷன் செய்துகொண்ட 88 ஏழைகளில் 84 பேருக்கு ஆப்பரேஷன் செய்த கண் போய்விட்டது. வழக்கு டில்லி உச்ச நீதிமன்றம் வரை போய் 1989-ல் தீர்ப்பானது. காரணம் என்ன தெரியுமா? கத்தி இல்லை. கண்ணைக் கழுவ வைத்திருந்த உப்புநீரில் கிருமி.

2008-ல் நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம் மாவட்டக் கிராமத்து ஜனங்களை இலவச முகாமில் பார்த்துப் பெரம்பலூருக்கு அழைத்துப் போய் ஆப்பரேஷன் செய்தார்கள். 66 பேருக்குப் பார்வை போயிற்று. சி.பி.ஐ. வரைக்கும் விசாரணை போனது.

2023-ல் இலங்கை. தேயிலைத் தோட்டத்து நம்ம சனங்கள் நம்பி வருகிற நுவரெலியா ஆஸ்பத்திரியில், புரை ஆப்பரேஷன் முடிந்தவர்களுக்கு ஊற்றிய சொட்டு மருந்தால் பலருக்குக் கண் கெட்டது. கொழும்பு கண் ஆஸ்பத்திரியிலும் அதே கதை. மருந்து இந்தியாவில் தயாராகி வந்தது. அதே ஆண்டில் சென்னைக்குப் பக்கத்தில் செய்த கண் சொட்டு நீர் அமெரிக்காவரை போய் 81 பேருக்குத் தொற்றியது. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது, 4 பேர் இறந்தார்கள்.

இந்தச் சொட்டு மருந்துச் சங்கதியைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மூடி உடைக்காத புதுப் புட்டிக்குள்ளேயே கிருமி உட்கார்ந்திருந்தால், நர்ஸ் எத்தனை தடவை கை கழுவி என்ன பயன்? தயாரித்த இடத்தில் சோதனை இல்லை, வாங்கிய இடத்தில் கேள்வி இல்லை. "புதுசு" என்ற சொல்லும் "சுத்தம்" என்ற சொல்லும் ஒன்றல்ல.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் மதுரை நிற்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கண் ஆப்பரேஷன் பழகி, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். இன்று உலகமே வந்து பார்த்துப் போகிற இடம். அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒருவருக்கு ஆப்பரேஷன் முடிவதற்குள் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். கருவிகள் பல செட்டு, மாறி மாறி நீராவிக்குப் போய் வந்துகொண்டிருக்கும். மேலைநாட்டில் ஆளுக்கு ஒன்றாக எறிகிற பல சாமான்களை அங்கே எறிவதில்லை. கவுனை ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றுவதில்லை. கையுறையைக் கிருமிநாசினியில் கழுவிக்கொண்டு தொடர்வார்கள். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது? அங்கே எட்டு ஆண்டுகளில் நடந்த 20 லட்சம் புரை ஆப்பரேஷன்களை எண்ணிப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் வைப்பது, முன்பு 10,000-க்கு சுமார் 7 பேருக்கு. ஆப்பரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஒரு துளி மாக்சிஃப்ளாக்சசின் மருந்து வைக்க ஆரம்பித்த பிறகு 10,000-க்கு சுமார் 2 பேருக்கு. எல்லாவற்றையும் தூக்கி எறிகிற பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில் வைத்தாலும் தலைகுனிய வேண்டாத கணக்கு இது.

குப்பைக் கணக்கையும் கேளுங்கள். புதுச்சேரி அரவிந்தில் ஒரு ஆப்பரேஷனுக்குச் சேரும் குப்பை சுமார் 250 கிராம் என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அதனால் காற்றில் சேரும் கரிப்புகை, பிரிட்டனில் அதே ஆப்பரேஷனுக்கு ஆவதில் சுமார் இருபதில் ஒரு பங்குதான். அந்தக் குப்பைக்கும் சேர்த்துத்தான் யாரோ ஒருவர் பில்லில் காசு கட்டுகிறார். தூக்கி எறிகிற சாமான் விற்கிற கம்பெனிக்கு ஒவ்வொரு கண்ணும் ஒரு புது வியாபாரம், இதையும் மறக்கக் கூடாது.

புதுசுதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு ஓடிய கதை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் 2001 ஜனவரியில் மாட்டுப் பைத்திய நோயின் பயத்தால், தொண்டைச் சதை ஆப்பரேஷனுக்கு ஒரு தடவைக் கருவிகளே வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அந்த மலிவுக் கருவிகளால் நோயாளிகளுக்கு ரத்தப்போக்கு அதிகமாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற்று, பழைய கருவிகளையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆனால் மதுரையைக் காட்டி, "பாருங்க, அவங்களே திரும்பப் பயன்படுத்துறாங்க, நாங்களும் அப்படித்தான்" என்று எந்த ஆஸ்பத்திரி நிர்வாகமாவது கிளம்பினால் விடாதீர்கள். மதுரை செய்வதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிற தந்திரம் அது. அங்கே ஒவ்வொரு தொற்றும் எண்ணப்படுகிறது, ஏன் வந்தது என்று தேடப்படுகிறது. பெரம்பலூரும் அதே தமிழ்நாடுதான், அங்கேயும் ஆட்டோகிளேவ் இருந்திருக்கும். எண்ணிப் பார்க்காத இடத்தில் மறுபயன் என்பது வெறும் கஞ்சத்தனம்.

இதை எழுதுகிற நான் இருப்பது சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில். பக்கத்திலேயே அலெக்ஸாண்ட்ரா ஆஸ்பத்திரி. முன்பு பிரிட்டிஷ் ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்து, 1971-ல் ஒரு வெள்ளி என்ற பேர் விலைக்குச் சிங்கப்பூர் அரசாங்கத்துக்கு வந்தது. சிங்கப்பூர் என்றால் தப்பே நடக்காது என்று அங்கே நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். 2017-ல் இங்கே தேசிய பல் மருத்துவ நிலையத்தில் கிருமி நீக்கம் முழுசாக முடியாத 72 கருவிப் பொட்டலங்கள் நோயாளிகளுக்குப் பயன்பட்டுவிட்டன. மறு ஆண்டே டான் டோக் செங் மருத்துவமனையின் பல் பிரிவில் கடைசி நீராவிக் கட்டம் விடுபட்ட கருவிகள் 8 பேர் வரைக்கும் போய்ச் சேர்ந்தன. இரண்டும் பல் சங்கதிதான், கண் அல்ல. பணமும் மெஷினும் உள்ள ஊரிலும் ஒரு கட்டம் தவறிப்போகும். ஆனால் அதை வெளியில் சொன்னார்கள், பொட்டலங்களைத் திரும்ப வாங்கினார்கள். எந்தப் பொட்டலம் எங்கே போனது என்று எழுதி வைத்திருந்தால்தான் அப்படி வாங்க முடியும். குர்ஜா முகாமில் கண் போனவர்களுக்கு நீதிமன்றப் படி ஏறித்தான் பதில் கிடைத்தது.

ஏழைக்கு ஒரு சுத்தம், காசு கட்டுகிறவனுக்கு ஒரு சுத்தம் என்பதுதான் என் சண்டை. அதைத் தீர்க்க ஆளுக்கு ஒரு புதுப் பெட்டி கேட்க வேண்டியதில்லை. மதுரையில் இலவச நோயாளிக்கும் ஆப்பரேஷன் தரம் ஒன்றுதான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து சுமார் 100 டாலர் விலையில் வந்த காலத்தில், ஏழைக்கும் அது வேண்டும் என்றுதான் 1992-ல் ஆரோலேப் என்ற பட்டறையை மதுரையிலேயே தொடங்கி, விலையை 10 டாலர் அளவுக்கு இறக்கினார்கள். லென்ஸ் நிச்சயம் ஆளுக்கு ஒன்றுதான், அதில் மறுபயன் கிடையாது. விலையைக் குறைத்தார்கள், சுத்தத்தைக் குறைக்கவில்லை.

இன்னொன்று. ஆப்பரேஷனுக்குப் பயந்து புரையை முற்றவிட்டு, சுவரைத் தடவி நடக்கிற பெரியவர்கள் நம் வீடுகளில் அதிகம். முற்றிய புரை கடினமாகி ஆப்பரேஷனும் சிரமமாகும். 10,000-க்கு இரண்டு பேர், ஏழு பேர் என்ற ஆபத்துக்குப் பயந்து குருட்டோடு இருப்பது சரியான கணக்கில்லை. செம்பனை வெட்டும்போது மேலிருந்து தூசியும் செதிலும் கண்ணில் விழுகிறதே, அதைக் கண்டகண்ட துணியால் துடைத்துப் புண்ணாக்கிக்கொள்வது இதைவிடப் பெரிய ஆபத்து. அது தனிக் கட்டுரைக்கு ஆகும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கூடப் போகும் மகனையோ மகளையோ கேட்கச் சொல்லுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். "டாக்டர், கருவிப் பொட்டலத்துக்குள் இருக்கும் சூடு காட்டும் பட்டை நிறம் மாறியிருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? போன வருஷம் இங்கே எத்தனை பேருக்குக் கண்ணில் சீழ் வைத்தது?" பொட்டலத்தின் மேலே ஒட்டிய நாடாவில் கோடு கறுத்திருந்தால் அது சூட்டுக்குள் போய் வந்தது என்றுதான் அர்த்தம், உள்ளே முழுசாகச் சுத்தமாயிற்று என்று அர்த்தமில்லை. உள்பட்டையையும் பார்க்க வேண்டும். பதில் தெரிந்த டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆப்பரேஷன் முடிந்ததும் லென்ஸின் நம்பர் ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்கி, அடையாளக் கார்டோடு சேர்த்து வையுங்கள். சொட்டு மருந்துப் புட்டியின் நுனியை இமையில் படவிடாதீர்கள், ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஆப்பரேஷன் ஆகியிருந்தாலும் ஆளுக்கு ஒரு புட்டி. திறந்து ஒரு மாதம் ஆன புட்டியில் மருந்து மிச்சமிருந்தாலும் கொட்டிவிடுங்கள். வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.