உயரம் யாருக்கு, தூரம் யாருக்கு?

போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரித் தம்பி கைபேசியை நீட்டினான். நியூயார்க் மன்ஹாட்டனின் படம். வானத்தைக் குத்துகிற மாதிரி கட்டடங்கள். "அண்ணே, நம்ம மதுரை எப்பண்ணே இப்படி ஆகும்?" என்று கேட்டான்.

கேள்வியில் தப்பில்லை. திருப்பரங்குன்றத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு உயரம் என்றால் மலை மட்டும்தான். இப்போது அப்படியில்லை. 2011இல் திருப்பரங்குன்றம் நகராட்சி மதுரை மாநகராட்சிக்குள் வந்தது. திருநகரும் ஹார்விபட்டியும் கூடவே வந்தன. 2019 ஜனவரியில் தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் சென்ட் கணக்கில் பேசாத டீக்கடை கிடையாது. மாடி உயர்வதைப் பார்த்து ஒரு இளைஞன் ஆசைப்படுவது இயல்பு. தெருவே சாதி சொல்லும் ஊரிலிருந்து வந்தவனுக்கு, பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாத அடுக்குமாடி ஒரு விடுதலையாகவே தெரியும். பாபாசாகேப் அம்பேத்கரும் கிராமத்தை நம்பச் சொல்லவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அவர் வைத்த விமர்சனத்தை நீங்கள் படித்திருப்பீர்கள்.

ஆனால் அந்தத் தம்பியிடம் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். "அந்தக் கட்டடம் நிற்கிற இடத்துல முன்னாடி யார் இருந்தாங்க?"

மன்ஹாட்டனில் லிங்கன் சென்டர் என்று ஒரு பிரமாண்டமான கலை வளாகம் இருக்கிறது. அது நிற்கும் பகுதியில் சான் ஹுவான் ஹில் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அதைச் 'சேரி' என்று அறிவித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தித்தான் இசை அரங்குகள் கட்டினார்கள். இதற்குப் பணமும் அதிகாரமும் தந்தது அமெரிக்காவின் 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம். சட்டத்தின் முகப்பில் எல்லோருக்கும் நல்ல வீடு என்ற வாக்குறுதி. நடந்தது என்ன? நகரப் புதுப்பிப்பு என்றால் கறுப்பர்களை அகற்றுவது என்றே பொருள் என 1963இல் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் வெளிப்படையாகச் சொல்லும் நிலைதான் வந்தது.

அகற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? அவர்களில் பலருக்கும் அரசு மாடி வீடுதான் கட்டியது. செயின்ட் லூயிஸ் நகரத்தின் புரூயிட்-ஐகோ அதில் பேர்போனது. 11 மாடி, 33 கட்டடங்கள், 2,870 வீடுகள். 1954இல் குடியேற்றம் தொடங்கியது. வடிவமைத்தவர் மினோரு யமசாகி. பின்னாளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்தவரும் இவரே. புரூயிட் என்பது இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒரு கறுப்பின விமானியின் பெயர். ஐகோ ஒரு வெள்ளையின அரசியல்வாதி. முதல் திட்டப்படி புரூயிட் கறுப்பர்களுக்கு, ஐகோ வெள்ளையர்களுக்கு. பெயரிலேயே ஊரும் சேரியும் பிரித்து வைத்திருந்தார்கள். இனப் பிரிவினை சட்டப்படி செல்லாது என்றானதும் வெள்ளையர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் மட்டும் மிஞ்சின.

செலவைக் குறைக்க லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காதபடி செய்தார்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் செலவு குடியிருப்பவர்கள் தரும் வாடகையிலிருந்தே வர வேண்டும் என்றார்கள். ஏழையின் வாடகையில் 33 கட்டடங்களை எப்படிப் பராமரிப்பது? குழாய் உடைந்தது, ஜன்னல் உடைந்தது, சரி செய்ய ஆளில்லை. 1972இல் வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கி, 1976க்குள் மொத்தத்தையும் தரைமட்டமாக்கினார்கள். கட்டட வடிவம் தோற்றது என்றார்கள் ஒரு சாரார். அந்த மக்களுக்கு வாழத் தெரியவில்லை என்றார்கள் இன்னொரு சாரார். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத அரசை நோக்கி விரல் நீண்டது குறைவு.

இனி நம்மூருக்கு வருவோம்.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கியது 1970இல். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது முழக்கம். ஆரம்ப ஆண்டுகளில் வாரியம் செய்த ஒரு நல்ல காரியத்தை மறக்கக் கூடாது. குடிசை இருந்த இடத்திலேயே, நகரத்துக்குள்ளேயே, கடற்கரை ஓரத்திலேயே மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. மீனவர் கடலை விட்டுப் போகவில்லை. வீட்டு வேலைக்குப் போன பெண் நடந்தே போனாள்.

1971இல் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. ஒரு இடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், அங்குள்ளவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அந்த ஆண்டு சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17. அதோடு நின்றது. பல பத்தாண்டுகளாகப் புதிதாக ஒன்றைக்கூட அறிவிக்கவில்லை. நகரம் எத்தனை மடங்கு பெருத்தது என்று உங்களுக்கே தெரியும். பட்டியலுக்கு வெளியே நிற்பவன் 'ஆக்கிரமிப்பாளன்'. பட்டியலில் பெயர் இல்லாததால் மனிதன் சட்டவிரோதமாகிவிடுகிறான்.

2000க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னைக்குத் தெற்கே, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் மறுகுடியமர்வு. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரையிலிருந்து குடும்பங்களை அங்கே கொண்டுபோனார்கள். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் தாழ்வான பகுதியில் குடிவைத்தார்கள்.

மதுரைக்காரனாக எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. கண்ணகி, எங்கள் ஊர் அரசவையில் சிலம்பை உடைத்து நீதி கேட்டவள். அவள் பெயரை வைத்த இடத்துக்கு, நீதி கேட்க வழியில்லாதவர்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். புரூயிட்டுக்கு நடந்ததும் இதுதான். பெயர் நம்முடையது, முடிவு அவர்களுடையது.

முதுகலை படித்தபோது களப்பணிக்காகச் சென்னைக்குத் தெற்கே இப்படி ஒரு குடியிருப்புக்குப் போயிருக்கிறேன். லிஃப்ட் ஓடவில்லை. ஏழாவது மாடியில் ஒரு அக்கா. முன்பு நகரத்துக்குள் நான்கு வீடுகளில் வேலை பார்த்தவர். இங்கே வந்த பிறகு விடிகாலை இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டு வீடுகளில் மட்டும் பார்க்கிறார். "காத்து நல்லா வருதேக்கா" என்று பேச்சுக்குச் சொன்னேன். "காத்து சூப்பரா வருது தம்பி. அதைத் துன்னுகினு இருக்க முடியுமா?" என்றார். அவருடைய மகன் வேலை தேடும் இடங்களில் இந்த முகவரியைச் சொல்வதில்லை என்றும் சொன்னார். ஊரில் 'காலனி' என்று சொன்னதும் முகம் மாறுவதை நாம் பார்த்திருக்கிறோம். நகரத்தில் பின்கோடு சொன்னதும் முகம் மாறுகிறது. அந்தத் தாழ்வாரங்களில் நடந்து பாருங்கள். தலித் குடும்பங்கள் எத்தனை, மற்றவர்கள் எத்தனை என்று யாரும் எண்ணிச் சொல்லத் தேவையிருக்காது. கிராமத்தில் ஊருக்கு வெளியே படுக்கையாகக் கிடந்த சேரியை, நகரத்துக்கு வெளியே செங்குத்தாக நிற்க வைத்திருக்கிறார்கள்.

கட்டித் தருவதாவது ஒழுங்காக இருக்கிறதா? 2021 ஆகஸ்ட்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவரைக் கையால் தொட்டதும் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. பிறகு ஐஐடி நிபுணர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். அதே ஆண்டில்தான் குடிசை மாற்று வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர்ப்பலகை மாறியதில் எனக்கு வருத்தமில்லை. குடிசை என்ற சொல் போனது நல்லதுதான். சுவரும் மாற வேண்டுமல்லவா?

"அப்படியென்றால் சாக்கடை ஓரத்திலேயே கிடக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை. குடிசையில் கவிதை பார்ப்பவன் அங்கே மழைக்காலத்தில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கட்டும். நான் மாடிக்கு எதிரியில்லை. எட்டு மாடி வேண்டுமா, கட்டுங்கள். இருக்கிற இடத்திலோ, பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் அம்மா வேலைக்குப் போகும் தெருவுக்கும் பக்கத்திலோ கட்டுங்கள். பணக்காரனுக்கு உயரமும் கிடைக்கிறது, நகரத்தின் நடுவில் இடமும் கிடைக்கிறது. நமக்கு உயரத்தோடு தூரத்தையும் சேர்த்துக் கட்டித் தருகிறார்கள். சண்டை அந்தத் தூரத்தோடுதான்.

'நகரத்துக்குள் இடமில்லை, சட்டத்தில் வழியில்லை' என்பார்கள். மதுரையைப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று 1997இலிருந்து அரசாணை இருக்கிறது. கோபுரம் மறையக் கூடாது என்பதற்காக ஒரு நகரத்தின் மையத்தில் உயரத்துக்கு அரசால் வரம்பு போட முடிந்திருக்கிறது. அந்த அரசாணை இருக்கட்டும். என் கேள்வி வேறு. கோபுரத்தின் உயரத்துக்காக மீட்டர் கணக்கில் விதி எழுத முடிந்த அரசுக்கு, ஒரு குடும்பத்தை அதன் பிழைப்பிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் குடிவைக்கக் கூடாது என்று ஏன் ஒரு விதி எழுத முடியவில்லை? முடியாது என்பதில்லை, கேட்க ஆளில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாடி உயர உயர அடியிலே கழிவுநீர்த் தொட்டியின் ஆழமும் கூடுகிறது. அதில் இறங்குவது யார்? கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. 2022 ஏப்ரலில், எங்களுக்குப் பக்கத்திலேயே, பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் பழுது பார்க்கப் போன மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். கட்டும்போது சாவதும் இதே வர்க்கம்தான். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் அதில் பலர். வளர்ச்சியின் உயரத்தைப் படமெடுக்கிறவர்கள் அதன் அடிவாரத்தையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்வது? புரூயிட்-ஐகோ கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. 1969இல் செயின்ட் லூயிஸ் நகரத்தின் பொதுக் குடியிருப்புகளில் வாடகை மறுப்புப் போராட்டம் வெடித்தது. முன்னால் நின்றவர்கள் கறுப்பினப் பெண்கள். மாதக்கணக்கில் உறுதியாக நின்றார்கள். அதே ஆண்டு, அரசுக் குடியிருப்பில் வாடகை குடும்ப வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் வாங்கித் தந்த உரிமை நின்றது.

நமக்கும் பிடிமானம் இருக்கிறது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று சொன்னது. நடைபாதையில் வாழ்ந்தவர்களின் வழக்கு அது. சட்டம் படிக்கும் தோழர்கள் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். அகற்றுவதை அந்த நீதிமன்றம் முற்றாகத் தடுத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். தீர்ப்பு இருக்கிறது என்று சும்மா இருந்துவிட முடியாது என்பது அப்போதுதான் புரியும்.

உங்கள் பகுதிக்கு ஒரு 'திட்டம்' வருகிறது என்று கேள்விப்பட்டால், புல்டோசர் வரும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள். யார் எங்கே வேலை பார்க்கிறார்கள், பிள்ளை எந்தப் பள்ளி, எத்தனை வருடமாகக் குடியிருக்கிறார்கள், கையில் என்ன ரசீது இருக்கிறது. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இந்தப் பகுதி அறிவிக்கப்பட்டதா இல்லையா? மாற்றிடம் எத்தனை கிலோமீட்டர்? வீட்டுக்குப் பத்திரம் யார் பெயரில், எப்போது? லிஃப்டையும் மோட்டாரையும் பத்து வருடம் கழித்துப் பராமரிக்கப் பணம் எந்தத் தலைப்பில்? பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். காகிதம் இல்லாத கோபத்தை அதிகாரி அரை நாளில் கலைத்துவிடுவார். காகிதத்தோடு வரும் கோபத்தை உட்கார வைத்துப் பேசித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தம்பி மன்ஹாட்டன் படத்தை இன்னும் அழிக்கவில்லை. வேண்டாம், வைத்திருக்கட்டும். ஆனால் அடுத்த ஞாயிறு அவனும் இன்னும் மூன்று பேரும் கால்வாய்க் கரைத் தெரு ஒன்றில் கணக்கெடுக்கப் போகிறார்கள். மதுரை ஒருநாள் உயரட்டும். அந்த உயரத்தின் நடுவிலே அந்தத் தெருக்காரர்களுக்கும் ஒரு ஜன்னல் இருக்க வேண்டும். அந்த ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வாழ்ந்த தெருவே தெரிய வேண்டும்.

ஜெய் பீம்.