செமினாரி கட்டலாம், சம்பந்தம் செய்யக் கூடாதா?

குமரி மாவட்டச் சபை விழாக்களில் சார்லஸ் மீட் பெயர் வராமல் இருக்காது. லண்டன் மிஷன் சார்பில் 1818இல் நாகர்கோவில் வந்தவர். அவர் நடத்திய செமினாரிதான் பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. மனைவி ஜொகன்னாவோடு நெய்யூரில் சபையும் பள்ளியும் வளர்த்தார். தோள்சீலைப் போராட்டத்தில் நாடார் பெண்கள் பக்கம் நின்றார். இதெல்லாம் சொல்வார்கள்.

ஜொகன்னா இறந்த பிறகு நடந்ததை விழுங்கிவிடுவார்கள். 1850களின் தொடக்கத்தில் மீட், பறையர் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஒருவரின் மகள் லோயிஸை மணந்தார். (வயது வித்தியாசம் பெரிது, அதைக் கேள்வி கேட்பவர்களோடு நானும் சேர்கிறேன்.) சக மிஷனரிகள் கொதித்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர் மிஷனை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

ஞானஸ்நானம் கொடுக்கலாம், பாடம் சொல்லித் தரலாம், பெண் எடுக்கக் கூடாது. நிறமும் சாதியும் சேர்ந்து போட்ட கோடு அது; நம் சபைகள் இன்னும் அழிக்கவில்லை. எங்கள் நடுவட்டம் தேயிலைத் தோட்டங்களில் அடுத்தடுத்த லைன் வீடுகளில் வாழ்ந்து, ஒரே பெஞ்சில் ஜெபிப்பவர்கள்கூட, மகளுக்கு வரன் என்றால் ‘நம்ம ஆளுங்க’ளைத் தேடி மலையிறங்குகிறார்கள். கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயர் கூச்சமில்லாமல் அச்சாகிறது.

அடுத்த விழாவில் மீட் புகழ் பாடும் போதகர், லோயிஸ் பெயரையும் மேடையில் சொல்லட்டும். கேட்போம்.