இந்து நகருக்கு ஓர் இருட்டறை

ஊட்டி இந்து நகரில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், கறுப்பு வெள்ளை ஃபிலிமோடு மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பு. அதனால்தான் எக்ஸ்ரே ஃபிலிமை அளவாக வெட்டிப் பெரிய கேமராவில் படமெடுக்க முடிகிறது. மூடிக்கிடக்கும் அந்த ஆலையில் ஓர் அறையாவது மாணவர்களுக்கு இருட்டறையாக வேண்டும். அங்கே கற்றுத்தர எக்ஸ்ரே ஃபிலிமே ஏற்றது. வழக்கமான ஃபிலிமை முழு இருட்டில் கழுவ வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிமைச் சிவப்பு வெளிச்சம் அநேகமாகப் பாதிக்காது. தட்டில் முதலில் வானம் கறுத்து, பிறகு தேயிலைச் சரிவு எழுவதை மாணவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

இருபுறமும் பூச்சு இருப்பதால் கீறல் விழும் என்பார்கள். உண்மைதான், தட்டின் அடியில் கண்ணாடி வைத்து, ஒவ்வொன்றாகக் கழுவினால் பெருமளவு தவிர்க்கலாம். சிவப்பு நிறமெல்லாம் படத்தில் கறுப்பாகிவிடும் என்பதும் சரி. ஃபிலிம் நிறங்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் ஏது? கைபேசி போதாதா என்றால், அது படத்தைத் தரும், படம் பிறப்பதைக் காட்டாது. மருத்துவமனைகள் டிஜிட்டலுக்கு மாறிவருகின்றன. எக்ஸ்ரே ஃபிலிம் அரிதாகிவிடும் முன்பே அரசு இதைச் செய்ய வேண்டும்.