ஒபரேஷன் கண்டியில், கண்காணிப்பு மஸ்கெலியாவில் வேண்டும்

கண்டி தேசிய வைத்தியசாலையில் திறந்த இதய சத்திரசிகிச்சை இலவசமாக நடக்கிறது. மஸ்கெலியாவின் தோட்டத் தொழிலாளிக்கும், பஸாரில் கடை வைத்திருக்கும் நம்மவருக்கும் அது பெரிய வரம். காத்திருப்புப் பட்டியலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். வீடு திரும்பியவரைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீர், நெஞ்சுக் குழாயில் வெளியேறும் இரத்தம் எல்லாம் மணிக்கு மணி குறிக்கப்படும். பலருக்கு வரும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும். அப்போது நோயாளி வார்டில்தான் இருப்பார், பிடித்துவிடலாம். யூரோஸ்கோர் என்ற கணக்கு, வயது, சிறுநீரகம், நுரையீரல், இதயத்தின் வலு ஆகியவற்றை வைத்து ஒபரேஷனின் உயிராபத்தை முன்கூட்டியே மதிப்பிடுகிறது. ஆனால் இருபதாம் நாள் லயத்தில் என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது.

நெஞ்செலும்புக் காயத்தில் சீழ், இதயத்தைச் சுற்றி நீர், செயற்கை வால்வில் இரத்தக்கட்டி: இவையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகும் வரலாம். காய்ச்சல், சில நாட்களில் இரண்டு கிலோ எடை கூடுதல், கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவை முன்னறிவிப்புகள். ஒரு தராசும் ஒரு வெப்பமானியும் இருந்தால் பாதியைக் கண்டுகொள்ளலாம்.

உலோக வால்வு பொருத்தியவருக்கு வார்ஃபரின் ஆயுள் முழுவதும். ஐ.என்.ஆர். பரிசோதனையில், மைட்ரல் வால்வென்றால் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் பக்கவாதம், கூடினால் இரத்தக்கசிவு. வலி மாத்திரையும் அன்டிபயோட்டிக்கும், ஏன், திடீரெனக் கூட்டிக் குறைக்கும் கீரையும்கூட இந்த எண்ணை ஆட்டிவிடும். அதைப் பார்க்க நோர்வூட், ஹட்டன், கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் ஏறிக் கண்டிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். கூட வருபவரின் பேரும் போகும். கிளினிக்கைத் தவறவிடுபவரை அசட்டையானவர் என்று ஏசுவது எளிது, நியாயமல்ல.

இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையை 2017 மே மாதம் மோடியே வந்து திறந்தார். கட்டடம் இருக்கிறது. விரல்நுனி இரத்தத்தில் ஐ.என்.ஆர். காட்டும் சிறு கருவி அங்கும் மஸ்கெலியா வைத்தியசாலையிலும் எந்நாளும் இயங்க வேண்டும். மருந்தின் அளவைக் கண்டியிலிருந்து தொலைபேசியில் சொல்லலாம். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை ஒரு தாதி அழைத்து விசாரிக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதித் தரப்படும் நோய் அட்டையோடு, எப்போது 1990 அம்பியூலன்ஸை அழைப்பது என்பதைத் தமிழில் சொல்லும் ஒரு தாளும் சேர வேண்டும். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சுகாதார அமைச்சிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.