'கல்யாணம் ஆனா சரியாயிடும்' - இது ஒரு வைத்தியமா?

மாதவிடாய் வலியில் சுருண்டு கிடக்கும் 15 வயசுப் பெண்ணுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் மருந்துச் சீட்டு இதுதான்: "பொறுத்துக்கோ, கல்யாணம் ஆனா சரியாயிடும்." அதுவரை அவள் என்ன செய்வாளாம்?

இந்த வலி ஒன்றும் மர்மம் இல்லை மக்களே. அந்த நாட்களில் கருப்பையின் உட்படலத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, வலிக்கிறது. இபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட் மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைப்பவை. வலி முற்றும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல், ஆரம்பித்ததுமே, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். (அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.) வெந்நீர்ப் பை ஒத்தடமும் உதவும். "மாத்திரை போட்டா குழந்தை பிறக்காது" என்று பயமுறுத்தும் அத்தைகளே, அந்த இரண்டு மூன்று நாள் அளவோடு போடுவதால் மலட்டுத்தன்மை வராது.

மாத்திரைக்கும் அடங்கவில்லையா? வர வரக் கூடுகிறதா? மற்ற நாட்களிலும் வலிக்கிறதா? எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அது இருக்கக்கூடும். இவளிடம் "பொறுத்துக்கோ" என்பது நோய்க்கு நாம் கொடுக்கும் வாய்தா.

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில் மாணவிகளுக்கு செமஸ்டருக்கு 2 சதவீதம் வருகைப்பதிவில் விலக்கு அறிவித்தது. "இதெல்லாம் சலுகையா?" என்று கேட்கும் நண்பர்களே, காய்ச்சலுக்கு லீவ் லெட்டர் எழுதும்போது உங்களுக்கு அப்படித் தோன்றியதுண்டா?

முதலில் சாப்பாடு போடுங்கள். பிறகு மாத்திரை கொடுங்கள். அறிவுரை வேண்டாம்.