பெயரும் குத்தகைப் பொருளோ?

மன்னார்க் கரையோரத்தார்க்குக் குத்தகை என்னுஞ் சொல் புதியதன்று. 1906ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆட்சியாளர், மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களை ஆண்டுக்கு 310,000 ரூபாவாக இருபது ஆண்டுகளுக்கு ஒரு கம்பனிக்குக் குத்தகையாக விட்டனர். சில ஆண்டுகளுள் பார்கள் வெறுமையாயின, கம்பனியுங் கலைந்தது. ஒப்பந்தம் அரசுக்கும் கம்பனிக்கும் இடையிலானது. சிலாவத்துறையிலும் அரிப்பிலும் வாழ்ந்தோர் அதில் ஒரு தரப்பினர் அல்லர்.

இன்றோ பெயரே குத்தகைப் பொருளாகிவிட்டது. இணையத்தில் முகவரியாக நிற்பது ஆள்களப் பெயர். அதனை எவரும் என்றென்றைக்குமாக வாங்கிவிட முடியாது. குறித்த காலத்துக்குப் பதிந்து, கட்டணஞ் செலுத்திப் புதுப்பித்து வரலாம். முந்திப் பதிந்தவனுக்கே உரிமை என்பது பொதுவிதி. பிறர் நாடக்கூடிய பெயர்களை முன்கூட்டியே பதிந்து, பின்னர் அவர்களுக்கே வாடகைக்கு விடுவது இவ்விதியின்மேல் எழுந்த வணிகமாகும்.

வீட்டை வாடகைக்கு விடலாமெனின் பெயரை விடலாகாதோ என வினவுவர் சிலர். வீட்டைக் கட்டியவன் வாடகை பெறுகிறான். ஊர்ப்பெயரைக் கட்டியவர் யார்? பேசாலை என்னும் பெயருக்குப் பெறுமதி தந்தவர் அங்கு வலையிழுத்தோர். திருக்கேதீஸ்வரத்துக்கும் மடுவுக்கும் பெறுமதி தந்தவர் அங்கு நடந்து சென்ற அடியார்கள். பதிவுக் கட்டணஞ் செலுத்தியவன் இவற்றுள் எதனைக் கட்டினான்?

விதியும் பக்கஞ் சாராததன்று. வணிகக் குறியைப் பிறர் தீய நோக்குடன் பதிந்தால் மீட்பதற்கு 1999ஆம் ஆண்டிலேயே சர்வதேச நடைமுறை வகுக்கப்பட்டது. வெறும் ஊர்ப்பெயருக்கு அந்நடைமுறையிற் காப்பில்லை. சவர்க்காரத்தின் பெயருக்குள்ள மதிப்பு ஊரின் பெயருக்கு இல்லை!

குத்தகை எப்பொழுதுந் தீது என்பது எம் வாதமன்று. பசுபிக் தீவாகிய துவாலு, தனக்குரிய '.ரிவி' என்னும் ஈற்றைக் குத்தகைக்கு விட்டது. அவ்வருவாயின் துணையுடன் 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெற்றது. எமது இந்து சமுத்திரத்துச் சாகோஸ் தீவுகளின் கதையோ வேறு. 1968க்கும் 1973க்கும் இடையில் அத்தீவு மக்கள் வெளியேற்றப்பட்டனர். அப்பிரதேசத்துக்குரிய '.ஐஓ' என்னும் ஈறு 1997இல் உருவாக்கப்பட்டு உலகெங்கும் விலைபோயிற்று; மண்ணிழந்த மக்களோ அதில் ஒரு பங்குக்காக வழக்காட நேர்ந்தது. இரண்டும் குத்தகையே. ஒன்றில் வாடகை பெயருக்குரியோரைச் சேர்ந்தது, மற்றையதில் சேரவில்லை. வேறுபாடு இஃதொன்றே.

தமிழெழுத்திலமைந்த '.இலங்கை' என்னும் ஈறு 2010ஆம் ஆண்டு முதல் எமக்குண்டு. மொழியுரிமை பற்றி மேடைதோறும் முழங்கும் நாம், அவ்வுரிமை கைக்கெட்டிய இடத்தில் எத்தனை ஊர்ப்பெயரைப் பதிந்தோம்? தலைமன்னாரின் மீனவர் சங்கமும், முருங்கனின் கமக்காரர் அமைப்பும், மன்னார் நகர சபையும் தத்தம் ஊர்ப்பெயரைத் தாமே பதிந்து வைத்தல் வேண்டும். ஊர்ப்பெயர்களை உள்ளூராட்சி மன்றங்களுக்கென ஒதுக்குமாறு பதிவகத்தைக் கோருதல் பல்கலைக்கழகத்தார் கடன்.

முத்துப்பார்கள் குத்தகைக்குப் போனபோது எம் முன்னோரை எவருங் கேட்கவில்லை. இன்று பெயர்கள் போகும்போது, கேட்கப்படவில்லை என்று நாம் முறையிட முடியாது. வாயில் திறந்தே கிடக்கிறது, நாமே உட்புகவில்லை.